முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?

தென்னூர்
3.2.2025

செந்தமிழா,

கவரைக் கிழிச்சுப் போட்டுடாதே, பூவரசன்தான் எழுதுறேன். நல்லா இருக்கியா, யமுனா நல்லா இருக்கான்னு கேட்டா, ‘ரெண்டு வருஷமா கேக்காதவன் இப்ப என்ன புதுசா’ன்னு சொல்லுவ. அதனால கேக்கல. நேரா விஷயத்துக்கு வரேன்.

போன் பண்ணலாம்னா என் நம்பரை நீ பிளாக் பண்ணி வச்சிருக்க. போன தீபாவளிக்கு நேர்ல வந்தேன். நீ பின்வாசல் வழியா போயிட்ட, நான் உன் பொண்டாட்டி யமுனா கொடுத்த காபியைக் குடிச்சுட்டுத் திரும்பினேன். ‘யமுனாகிட்ட நான் சொல்லிடறேங்க’ன்னு இப்ப என் வீட்டுக்காரி ஜோதி சொன்னா. வேணாம்னுட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டுறவன் கண்ணைப் பத்தின பேச்சு அவன் காதுக்குத்தான் முதல்ல வரணும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினா உன் வீட்டு வாசல். அதுக்கு ஸ்டாம்ப் ஒட்டி எழுத வச்சுட்ட பாரு, நீ பெரிய ஆளுடா.

விஷயம் இதுதான். இரட்டையர் பதிவேட்டுல இருந்து இந்த வருஷமும் கூப்பிட்டாங்க. ஒண்ணாப் பிறந்தவங்க உடம்பும் குணமும் வயசாக ஆக எப்படிப் போகுதுன்னு பார்க்கத்தானே பதினஞ்சு வருஷமா நம்மளை விடாமக் கூப்பிடுறாங்க. நீ போகல. நான் போனேன். வழக்கம்போல எடை, ரத்தம், பிபி, தூக்கம் எப்படி, கோபம் எப்படின்னு எல்லாம் முடிஞ்சுது. இந்தத் தடவை புதுசா கண்ணையும் பார்த்தாங்க.

எனக்குக் கண்ணுல பிரஷர் இருக்காம். உடம்புல இருக்கிற பிரஷர் வேற, இது வேற. வலிக்காது, சிவக்காது, எதிர்ல இருக்கிறது பளிச்சுன்னு தெரியும். ஓரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டே இருக்கும். போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மிச்சத்தைக் காப்பாத்த தினம் சொட்டு மருந்து விடணும், ஆயுசு முழுக்க.

இடது பக்கம் எனக்கு ஏற்கனவே கொஞ்சம் போயிருக்கு. அது தெரியாம மார்க்கெட்ல ஊரையே திட்டிட்டு இருந்திருக்கேன். நம்ம மண்டியில வாழைத்தார் தூக்குற மதுரைவீரன் இடது பக்கமா வருவான், நான் போய் மோதுவேன், ‘கண்ணு தெரியலையாய்யா’ன்னு நானே அவனைக் கேப்பேன். பாவம், அவனும் ‘சரிங்க முதலாளி’ன்னு போவான்.

நம்மளைக் கூப்பிடுமே ஆன்சி, அந்தப் பொண்ணுகிட்ட ‘எங்க தம்பிக்கும் இருக்குமாம்மா’ன்னு கேட்டேன். ‘அவரைப் பத்தி உங்ககிட்டயும், உங்களைப் பத்தி அவர்கிட்டயும் நாங்க பேசக் கூடாதுங்க. உங்க விஷயத்தை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்’னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பார்த்துச்சு. நான் மக்கு இல்ல, புரிஞ்சுது. டாக்டர் பொதுவாச் சொன்னார். ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பிறந்தவங்கன்னா, ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தர் உடனே பார்க்கணுமாம். இருந்தே தீரும்னு இல்ல, ஆனா பார்க்காம விடக் கூடாதாம்.

நீ தினம் புள்ளைங்களை ஏத்திக்கிட்டு காவிரிப் பாலத்துல போறவன். என்கூடப் பேசவே வேணாம். கண்ணை மட்டும் காட்டிட்டு வா.

பூவரசன்

---

ஸ்ரீரங்கம்
10.2.2025

மதிப்பிற்குரிய அண்ணன் பூவரசன் அவர்களுக்கு,

ஆமாம், அண்ணன்தான். கால் மணி நேரம் முன்னாடி பிறந்தவங்களை அப்படித்தான் எழுதணும். இத்தனை வருஷம் வாடா போடான்னு கூப்பிட்டது என் தப்பு. மூணாம் மனுஷனுக்குக் கொடுக்கிற மரியாதையை இனிமே உங்களுக்கும் கொடுக்கிறேன்.

தங்கள் கண் விஷயம் அறிந்தேன். சொட்டு மருந்தை ஜோதி அண்ணியை விடச் சொல்லவும். நீங்களா விட்டா கன்னத்துலதான் விழும்.

என் கண் நல்லா இருக்கு. என் வேனும் நல்லா இருக்கு. ஆன்சி எனக்கும் மூணு தடவை போன் பண்ணிடுச்சு. ‘உங்க ஜோடியில ஒருத்தர் மட்டும் வந்திருக்கார், நீங்களும் வந்தாத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும், கண் டெஸ்டும் உண்டு, அவசியம் வாங்கண்ணா’ன்னு ஒரே நச்சரிப்பு. நீங்க அங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டா மட்டும் வாயை இறுக்கி மூடிக்குது. உங்களை விட்டு எழுத வச்சு என்னை இழுக்கப் பார்க்கிறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரே கருன்னு கன்னத்து உள்ளே பஞ்சைத் தேய்ச்சுச் சொல்லிட்டா ஆச்சா? நீங்க குண்டு, நான் ஒல்லி. கோபம் வந்தா நீங்க கத்துவீங்க, நான் அழுவேன். எனக்கு ரஸ்தாளி பிடிக்கும், உங்களுக்கு எந்தப் பழமுமே பிடிக்காது. நமக்குள்ள எது ஒண்ணு?

அந்த இடத்துக்கு நான் ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருக்கீங்க. அதனால நான் எழுதறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போனோம். எப்பவும் தனித்தனி ரூம்லதான் கேள்வி கேப்பாங்க, ஒருத்தர் பதில் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னு விதி. அந்தத் தடவை கட்டடத்துல வேலை நடந்துச்சு, ஒரே ரூம்ல நடுவுல பிளைவுட் தட்டி. ‘பெரிய கஷ்டம் வந்தா முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?’ன்னு கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல. ‘எங்க அண்ணன்’னு சொன்னேன். சொன்ன வாய் மூடல, தட்டிக்கு அந்தப் பக்கத்துல இருந்து உங்க குரல், மண்டியில ஏலம் கூறுற குரலாச்சே: ‘ரசூல் பாய்.’

ரசூல் பாய் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க மண்டிக் கூட்டாளி, தங்கமான மனுஷன். பக்ரீத்துக்கு எனக்கும்தான் பிரியாணி வந்துச்சு, சாப்பிட்டேன். ஆனா நான் யாரு? வெறும் கூடப் பிறந்தவன் இல்ல, கூடவே பிறந்தவன். அன்னைக்கு அங்க கொடுத்த பொங்கலை அப்படியே வச்சுட்டு வந்தேன். இன்னும் பொங்கலைப் பார்த்தா எனக்கு அது ஞாபகம் வருது.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கண்ணு விஷயத்தை நீங்க முதல்ல யார்கிட்ட சொன்னீங்க? அதுக்கு மட்டும் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
செந்தமிழன்
(ஸ்கூல் வேன் டிரைவர்)

---

தென்னூர்
14.2.2025

டேய்,

‘தங்கள்’, ‘அறிந்தேன்’, ‘எழுதவும்’! மண்டியில நின்னுட்டுச் சத்தமா சிரிச்சேன். பொங்கல் வந்த இடத்துல சிரிப்பு நின்னுடுச்சு.

கேட்டதுக்குப் பதில் சொல்றேன், பொய் எழுத மாட்டேன். ரசூல் பாய்கிட்டதான் முதல்ல சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?’ அவன் என்கூடப் பேச மாட்டான் பாய்னேன். ‘பேசாட்டி என்னண்ணே, படிக்கத் தெரியும்ல, எழுதுங்க’ன்னார். நான் ஒரு வாரம் இழுத்தடிச்சேன். அவரே போய் கவரும் ஸ்டாம்ப்பும் வாங்கிட்டு வந்து கல்லாப்பெட்டி மேல வச்சார். ‘இன்ஷா அல்லாஹ், தம்பி படிப்பார்’னார். இப்ப நீ அவர்மேல கோபப்படுறியோ, என்மேல கோபப்படுறியோ, உன் இஷ்டம்.

நான் ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்னு நீ இதுவரைக்கும் கேட்டதே இல்ல. எழுந்து போகத்தான் தெரிஞ்சுது உனக்கு. எனக்கு நெஞ்சு வலி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். வாயுன்னு டாக்டர் சொல்லிட்டார், நான் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கிட்டேன். நீ ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. வேனை ஓரம் கட்டிட்டு அழுதிருக்க. புள்ளைங்க ‘அங்கிள் அழாதீங்க’ன்னு தண்ணி பாட்டிலை நீட்டியிருக்கு. யமுனா போன் பண்ணி என்னை வரச் சொன்னா. ஸ்ரீரங்கம் வந்து, உன் பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்து, உன்னைத் தேத்தினது யாரு? நெஞ்சு வலி வந்தவன்!

பாய்கிட்ட சொன்னா டீ சொல்லுவார். என்ன பண்ணலாம்னு கேப்பார். உன்கிட்ட சொன்னா என் கஷ்டம் ரெண்டாயிடும், ரெண்டையும் நானே சுமக்கணும். அதனாலதான்டா அப்படிச் சொன்னேன். உன்னை ஒதுக்கணும்னு சொல்லல. அது உனக்குத் தப்பாத் தெரிஞ்சா தப்புன்னே வச்சுக்க.

குண்டு ஒல்லி கதையை விடு. அவங்க ஒண்ணும் நமக்குச் சட்டைக்கு அளவெடுக்கல. ஆன்சியும் என்னை ஏவி விடல. உண்மையைச் சொல்லு, இடது பக்கம் எங்கேயாவது இடிக்குதா? சைக்கிள்காரன் எங்க இருந்து வந்தான்னே தெரியாம முன்னாடி வந்து நிக்கிறானா? எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.

பூவரசன்

---

ஸ்ரீரங்கம்
22.2.2025

அண்ணன் அவர்களுக்கு,

கார்டுதான், இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல. அழறவன்கிட்ட கஷ்டத்தைச் சொல்லக் கூடாதுன்னு யார் சொன்னது? அழுதா அழுதுட்டுப் போறேன். உங்களைத் தேத்தச் சொல்லி நானா கேட்டேன்? எனக்கு எங்கேயும் இடிக்கல. ஸ்கூல் கேட்டைக் குறுகலாக் கட்டி வச்சிருக்காங்க, தூண்ல இடது பக்கக் கண்ணாடி ரெண்டு தடவை உரசுச்சு. எல்லா வேனும்தான் உரசும். இனி எழுத வேண்டாம்.

செந்தமிழன்

---

தென்னூர்
28.2.2025

செந்தமிழா,

கார்டுல எழுதுறான் பாரு, போஸ்ட்மேன் படிக்கட்டும்னு! எழுத வேண்டாம்னா எழுதாம இருக்க நான் யாரோவா?

நேத்து சாயங்காலம் உன் ஸ்கூல் வாசலுக்கு வந்தேன். ஸ்கூல் விடுற நேரம், எதிர்ல இருக்கிற டீக்கடையில நின்னேன். வரிசையா வேன் வெளிய வந்துச்சு. கேட் ஒண்ணும் குறுகல் இல்ல. மத்த வேனெல்லாம் சர்ருன்னு திரும்பிப் போச்சு. உன் வேன் மட்டும் நின்னு நின்னு வந்துச்சு. நீ கழுத்தை முழுசாத் திருப்பித் திருப்பி, கோழி பார்க்கிற மாதிரி பார்த்துட்டு வந்த. இப்படி வண்டி ஓட்டுறவன் இல்ல நீ. உன் பின்னாடி உக்காந்து நான் எத்தனை தடவை வந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?

நீ ரோட்டுல திரும்புறப்ப நான் டீ கிளாஸை வச்சுட்டு முன்னாடி வந்தேன். வேனுக்கு இடது பக்கம், கையை நீட்டினா உன் கண்ணாடியைத் தொடலாம், அவ்வளவு கிட்ட. கையை ஆட்டினேன். நீ பார்க்கல. கோபத்துல பார்க்காத மாதிரி போறேன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா கோபம்னா உனக்கு மூக்கு விடைக்கும். மூக்கு விடைக்கல. நீ பாட்டுக்குச் சாதாரணமா போன. நீ என்னைப் பார்க்கவே இல்லடா. பின்னாடி சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு எனக்குப் பதில் கை ஆட்டிட்டுப் போச்சு.

உன்மேல கோபம் இல்ல, பயமா இருக்கு. நான் கெஞ்சுறவன் இல்லைன்னு உனக்குத் தெரியும். கெஞ்சுறேன். போய்ப் பாரு.

பூவரசன்

---

ஸ்ரீரங்கம்
6.3.2025

டேய் பூவரசா,

போயிட்டு வந்துட்டேன்.

உன் லெட்டர் வந்த அன்னைக்கு உன்மேல கெட்ட கோபம். என்னை வேவு பார்க்க வந்தியான்னு கத்தினேன், வீட்ல யாரும் இல்ல, சுவத்தைப் பார்த்துக் கத்தினேன். மறுநாள் சாயங்காலம் கேட்டைத் தாண்டினதும் அந்த டீக்கடை முன்னாடி வண்டியை நிறுத்தி இடது பக்கம் நல்லாத் திரும்பிப் பார்த்தேன். ஒரு அம்மா இடுப்புல குழந்தையோட நின்னுட்டு இருந்துச்சு, டயருக்கு ரெண்டு அடி தள்ளி. எவ்வளவு நேரமா நிக்குதுன்னு எனக்குத் தெரியல. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு, போங்கண்ணான்னு. புள்ளைங்களை மெதுவாக் கொண்டுபோய் விட்டேன், அன்னைக்கே ஆன்சிக்குப் போன் பண்ணேன். உடம்பு சரியில்லைன்னு ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன்.

இன்னைக்குக் காலையில பஸ்லதான் போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மிஷின், அதுக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டு, புள்ளியா வெளிச்சம் தெரியறப்பெல்லாம் பட்டனை அழுத்தணும். கொஞ்ச நேரம் வந்துச்சு. அப்புறம் ஒண்ணையும் காணோம். நானும் பட்டனைப் பிடிச்சுட்டுக் காத்துட்டே இருக்கேன். ‘ஏம்மா, மிஷின் நின்னுபோச்சா?’ன்னு கேட்டேன். ஆன்சி சிரிச்சுச்சு. உடனே முகத்தைத் திருப்பிக்கிச்சு. ஏன் சிரிச்சேன்னு கேட்டா, சொல்ல மாட்டேன்னுடுச்சு.

மிஷின் நிக்கலடா. அவ்வளவு நேரமும் வெளிச்சம் வந்துட்டேதான் இருந்திருக்கு.

ரெண்டு கண்ணுலயும் பிரஷர். இடது பக்கம் நிறையப் போயிடுச்சு, வலது பக்கம் பரவாயில்ல. சொட்டு மருந்து விட்டா இத்தோட நிறுத்திடலாம், இன்னும் ஒரு வருஷம் பார்க்காம இருந்திருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். யாரோட கண்ணு மோசம், என்னோடதா எங்க அண்ணனோடதான்னு ஆன்சியைக் கேட்டேன். அதுக்கும் விதியாம்.

வேன் இனிமே வேணாம்னு டாக்டர் சொன்னார். அவர் சொல்லலைன்னாலும் நான் ஓட்டியிருக்க மாட்டேன். அங்கேயிருந்து நேரா ஸ்கூலுக்குப் போய் சாவியைக் கொடுத்துட்டேன். ஸ்டோர் ரூம்ல ஒரு வேலை இருக்கு, பேசிப் பார்க்கறேன்னு மேனேஜர் சொன்னார். என் சீட்டுல கிடந்த துண்டை எடுத்துட்டு வந்தேன்.

அந்தக் கேள்வியும் வந்துச்சு. இப்ப ரெண்டு ரூமுக்கும் நடுவுல நல்ல சுவரா எழுப்பிட்டாங்க. நான் என்ன பதில் சொன்னேன்னு உனக்கு எழுத மாட்டேன். விதின்னா எனக்கும்தான் விதி.

மேலூர் ரோட்டுல ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து எழுதுறேன். இன்னும் வீட்டுக்குப் போகல. யமுனாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. இதைத் தபால் பெட்டியில போட்டுட்டுத்தான் அவகிட்ட சொல்லப் போறேன்.

டாக்டர்கிட்ட அழல. ஸ்கூல்லயும் அழல. இப்பத்தான் அழறேன், பேப்பர்ல அங்கங்க மை கலைஞ்சிருக்கும், பார்த்துப் படிச்சுக்க. பயப்படாதே, நீ வந்து தேத்தணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்.

உன் தம்பி
செந்தமிழன்

---

காந்தி மார்க்கெட்
8.3.2025

செந்தமிழா,

லெட்டர் மண்டிக்கு வந்துச்சு. தொட்டியத்துல இருந்து வந்த பூவன் லோடு இறங்கிட்டு இருந்துச்சு. நின்ன இடத்துலேயே பிரிச்சுட்டேன். மதுரைவீரன் ரெண்டு தடவை கூப்பிட்டானாம், என் காதுல விழல.

நீ அழுததைச் சொல்லிக் காட்டினேன் இல்ல? வாழைத்தாருக்கு நடுவுல நின்னு நான் அழுத அழுகையை நீ பார்த்திருக்கணும். ரசூல் பாய் ஓடி வந்தார். ‘என்னண்ணே, கண்ணுல என்ன?’ன்னார். வாழைப்பால் தெறிச்சிடுச்சு பாய்னுட்டேன். இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கிறவர், நம்புவாரா? ஒண்ணும் கேக்காம டீ சொன்னார். அவர்கிட்ட இன்னும் சொல்லல. முதல்ல உன்கிட்ட பேசணும்னு தோணுச்சு.

அப்புறம், அந்த மிஷின். நானும் அதையேதான் கேட்டேன். ‘மிஷின் நின்னுபோச்சாம்மா?’ன்னு, உன்னை மாதிரியே. அன்னைக்கு ஆன்சி சிரிக்கல. இன்னொருத்தன் வந்து அதையே கேட்டதும் பாவம், அதுக்கு அடக்க முடியல போல. எது ஒண்ணுன்னு கேட்டியே, எழுதி வச்சுக்க.

வேலையைப் பத்தி இப்ப யோசிக்காதே. அதை உக்காந்து பேசுவோம். சொட்டு மருந்து நானா விட்டா கன்னத்துலதான் விழுதுடா, நீ சொன்னது சரி. ஜோதி விட்டாலும் கண்ணை மூடிக்கறேன். எனக்கு நீ விடு, உனக்கு நான் விடறேன்.

இதைத் தபால்ல போடப் போறதில்ல. கடையைப் பாய்கிட்ட விட்டுட்டு நானே பஸ் ஏறுறேன். யமுனா கையில கொடுத்து உள்ளே அனுப்பிட்டு வெளியிலேயே இருப்பேன். பின்வாசல் வழியா போகாதே. முன்வாசலுக்கு வா.

வலது பக்கமா நிக்கிறேன்.

பூவரசன்